கைசேரி பஸ்திர்மாவை முதன்முறையாகச் சாப்பிடுவது எப்படி?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தமாக அங்காராவுக்குக் குடிவந்திருக்கிறோம். உடன் பணியாற்றும் துருக்கிய நண்பர் ஒருவர், விடுமுறைக்குத் தம் சொந்த ஊரான கைசேரிக்குச் சென்று திரும்பியபோது, எங்கள் வீட்டுக்கென்று ஒரு பெரிய பஸ்திர்மாத் துண்டை (உப்பிட்டு, மசாலாப் பசை பூசி உலர்த்திய மாட்டிறைச்சி) வாங்கி வந்து கொடுத்தார். கைசேரிக்காரர் ஒருவர் பஸ்திர்மா கொடுப்பது சாதாரணமான அன்பளிப்பு அல்ல என்று அலுவலகத்தில் மற்றவர்கள் சொன்னார்கள். ஆகவே அதை வீணாக்கவும் கூடாது, தவறான முறையில் சாப்பிட்டுவிடவும் கூடாது என்ற எண்ணத்தில் இங்கே கேட்கிறேன்.

துண்டு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். வெளிப்புறம் முழுவதும் செங்கல் நிறத்தில் ஒரு பசை பூசி உலர்த்தப்பட்டிருக்கிறது. தாளைப் பிரித்தவுடன் வெந்தயமும் பூண்டும் கலந்த வாசம் சமையலறை முழுவதும் பரவியது. ஒரு முனையில் வெட்டிப் பார்த்தேன். ஓரத்தில் கருஞ்சிவப்பாகவும், நடுவில் நல்ல சிவப்பாகவும், இடையிடையே வெள்ளைக் கொழுப்பு இழைகளுடனும் இருக்கிறது. பார்ப்பதற்குப் பச்சை இறைச்சியைப் போலவே இருப்பதால் அதற்குமேல் துணிவு வரவில்லை.

மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் வழக்கமாகச் சமைப்பதுதான். எங்கள் பாட்டி உப்புக்கண்டம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் உப்புக்கண்டத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் காயவைத்து, பிறகு எண்ணெயில் பொரித்த பின்னரே வாயில் வைப்போம். நெருப்பையே காணாத இறைச்சியை அப்படியே உண்பது எனக்குப் புதிது. இது உண்மையில் பச்சை இறைச்சிதானா? மேலே உள்ள பசையை நீக்கிவிட வேண்டுமா, சேர்த்தே சாப்பிடலாமா? எப்படி வெட்டுவது, எதனுடன் சாப்பிடுவது, மீதியை எப்படிப் பாதுகாப்பது? என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவரும் இதைச் சாப்பிடலாமா என்பதே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

மறுமொழி 1: எர்ஜியெஸ் அடிவாரம்

வணக்கம் நண்பரே. கைசேரியில் சில ஆண்டுகள் வசித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கர்ப்ப காலம் பற்றிய கேள்விக்கு இத்துறை அறிந்தவர்கள் பதில் சொல்வதே முறை. அதற்குப் பதில் கிடைக்கும் வரை உங்கள் மனைவிக்கு அதைக் கொடுக்காமல் இருங்கள்.

உங்கள் கையில் இருப்பது சமைக்கப்படாதது என்பது உண்மை. ஆனால் கசாப்புக் கடையில் அன்று வெட்டிய இறைச்சியின் நிலையில் அது இல்லை. ஏறத்தாழ ஒரு மாத காலம் எடுக்கும் ஒரு செய்முறை அதற்குப் பின்னால் இருக்கிறது. மாட்டின் ஒரு தசையை முழுமையாக எடுத்து, கத்தியால் ஆங்காங்கே கீறி, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் வீதம் உப்பில் வைக்கிறார்கள். பிறகு மிகையான உப்பைக் கழுவிவிட்டுக் காற்றில் தொங்கவிடுகிறார்கள். சில நாள் உலர்ந்ததும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெரும் எடையின் கீழ் வைத்து அழுத்துகிறார்கள். உள்ளே தங்கியிருக்கும் நீர் அப்போது வெளியேறி, தசை இறுகித் தட்டையாகிறது. மறுபடியும் உலர்த்தி, மறுபடியும் அழுத்திய பின்னரே பசை பூசும் கட்டம் வருகிறது.

அந்தப் பசைக்குச் செமென் என்று பெயர். அதில் ஏறக்குறைய பாதி வெந்தய மாவு, மூன்றில் ஒரு பங்கு பூண்டு, மீதி சிவப்பு மிளகாய்த்தூள். சிலர் சீரகமும் சேர்ப்பார்கள். ஊறவைத்த வெந்தயம் எப்படிக் கொழகொழப்பாகும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொழகொழப்புதான் இங்கே வேலை செய்கிறது. பசை இறைச்சியை இறுகப் பற்றிக்கொண்டு, காற்றும் பூஞ்சையும் நேரடியாகத் தாக்காதபடி காக்கிறது. மேற்பரப்பு மட்டும் விரைவாகக் காய்ந்து ஓடாகிவிடாமல், உள்ளிருக்கும் ஈரம் மெதுவாக வெளியேறவும் அது வழிசெய்கிறது. பசைக்குள் ஒரு நாளோ அதற்கு மேலோ வைத்திருந்து, மிகையானதை வழித்தெடுத்துவிட்டு, மெல்லிய பூச்சாக விட்டு, கடைசி முறையாக உலர்த்துகிறார்கள்.

இவ்வளவும் கைசேரியில் நன்றாக அமைந்ததற்கு அந்த ஊரின் இருப்பிடமே காரணம் என்பது என் கருத்து. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், 3,900 மீட்டரைத் தாண்டி நிற்கும் எர்ஜியெஸ் மலையின் அடிவாரத்தில் இருப்பதால், இலையுதிர் காலத்தில் அங்கே காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் வீசும். நவம்பர் மாதத் தொடக்கத்தில், முதல் குளிருக்குப் பிறகு சில நாள்கள் வெயில் திரும்பும். அதைத் துருக்கி முழுவதும் பஸ்திர்மாக் கோடை என்றே அழைக்கிறார்கள். குளிரில் இறைச்சி கெடாது, வெயிலிலும் காற்றிலும் உலரும் என்பதால் அந்தப் பருவத்துக்கு அவ்வளவு மதிப்பு. இப்போது பெரிய ஆலைகளில் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் ஆண்டு முழுவதும் செய்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்த ஊருக்கு வந்த பயணி எவ்லியா செலெபி கைசேரியின் பஸ்திர்மாவைப் பாராட்டியிருக்கிறார் என்றால், அதன் பெயர் எவ்வளவு பழையது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

இனி வெட்டும் முறைக்கு வருகிறேன், ஏனெனில் முதல்முறை சாப்பிடுபவருக்கு இது பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் பெரும்பாலும் கத்தியிடம்தான் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன், துண்டு கெட்டியாக இருக்கும்போதே வெட்டுங்கள். நீளமான, நன்கு தீட்டிய கத்தி வேண்டும். தசை நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அதற்குக் குறுக்காக, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகச் சீவுங்கள். தடிமனாக வெட்டினால் உப்பு தூக்கலாகி, நாரை மென்றுகொண்டே இருக்க வேண்டிவரும். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பஸ்திர்மாவே பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் பலர். அங்காராவில் நல்ல இறைச்சிக் கடைகளில் பழக்கமிருந்தால், கொண்டுபோய்க் கொடுத்தும் சீவித் தரக் கேட்டுப் பார்க்கலாம்.

சீவியதைத் தட்டில் பரப்பிக் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். கொழுப்பு இளகியதும் வாசமும் சுவையும் எழும். முதல் துண்டைப் பசையை நீக்கிவிட்டுச் சாப்பிடுங்கள், அப்போதுதான் இறைச்சியின் சுவை தனியாகத் தெரியும். அடுத்ததைப் பசையுடன் சாப்பிடுங்கள். பசை உண்ணத் தக்கதுதான், கடைகளிலும் பசையோடு வேண்டுமா, நீக்கித் தரவா என்று கேட்பது வழக்கம். வெந்தயக் குழம்பு சாப்பிட்டுப் பழகிய நமக்கு அந்தக் கசப்பு அந்நியமாகத் தோன்றாது. உடன் வெறும் வெள்ளை ரொட்டியும், தக்காளியும், வெள்ளரிக்காயும், பாலில்லாத தேநீரும் போதும். முதல் நாள் மூன்று நான்கு துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செமென் சாப்பிட்ட மறுநாள் வியர்வையிலும் அந்த வாசம் வரும். வெந்தயத்தில் உள்ள சோடோலோன் என்ற மணப்பொருள் உடலைக் கடந்து வெளியேறுவதே அதற்குக் காரணம், நோய் ஏதும் இல்லை. மறுநாள் முக்கியமான சந்திப்பு இருந்தால் முந்தைய இரவு பசையைத் தவிர்த்துவிடுவார்கள் இங்குள்ள பலர்.

மறுமொழி 2: நீலாம்பரி

உணவுப் பாதுகாப்புத் துறையில் பணிபுரிகிறேன். உங்கள் மனைவியைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கர்ப்ப காலத்தில் பஸ்திர்மாவைச் சமைக்காமல் சாப்பிட வேண்டாம். இதில் ஒரு துண்டுதானே என்ற சமரசமும் வேண்டாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காரணம் புரிந்தால்தான் எந்த இடத்தில் தளர்வு உண்டு, எந்த இடத்தில் இல்லை என்பது தெளிவாகும். கொழுப்பற்ற பச்சை மாட்டிறைச்சியின் எடையில் முக்கால் பங்கு நீர்தான். உப்பிட்டு, அழுத்தி, உலர்த்தும்போது அதில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. எஞ்சிய நீரையும் உப்பு பிடித்து வைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்குப் பயன்படக்கூடிய நீர் மிகக் குறைந்துவிடுகிறது. தூய நீருக்கு 1 என்று வைத்து இதை அளப்போம். நன்கு உலர்ந்த பஸ்திர்மாவில் இந்த அளவு பொதுவாக 0.90-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். சால்மொனெல்லா வளர ஏறத்தாழ 0.94 வேண்டும், லிஸ்டீரியாவுக்கு 0.92 வேண்டும். ஆகவே இவை அங்கே பெருக முடியாது. உப்போடு சேர்க்கப்படும் நைட்ரேட், நைட்ரைட் உப்புகள் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியைத் தடுக்கின்றன. இறைச்சி சமைக்கப்படாமலும் பழுப்பாக மாறாமல் சிவப்பாகவே இருப்பதும் இவற்றால்தான். நீங்கள் பார்த்த சிவப்பு நிறம் பச்சை இறைச்சி என்பதற்கான அடையாளம் அல்ல.

ஆனால் பெருக முடியாது என்பதும் முற்றிலும் அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஏற்கெனவே இருக்கும் சில கிருமிகளும், டாக்ஸோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணிகளும் உப்பையும் உலர்வையும் தாங்கிச் சிறு எண்ணிக்கையில் எஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. உடல்நலமுள்ள ஒருவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராத அந்தச் சிறு எண்ணிக்கை, கருவிலுள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு செய்யக்கூடும். லிஸ்டீரியா கருச்சிதைவு வரை கொண்டுபோகும். உங்கள் மனைவிக்கு ஆசையாக இருந்தால், உள்வரை ஆவி பறக்கச் சமைத்த உணவில் சேர்த்துச் சிறிதளவு கொடுக்கலாம். அதுவும் அவருடைய மருத்துவரிடம் கேட்ட பிறகு கொடுங்கள். இதை வெட்டிய பலகையையும் கத்தியையும் கழுவாமல் அவருக்கான காய்கறியை அதில் நறுக்காதீர்கள். சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மனச்சோர்வுக்கான மருந்துகளில் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் தடுப்பான் வகையை உட்கொள்பவர்கள் முதிர்ந்த இறைச்சி எதையும் தொடக் கூடாது. அதிலுள்ள டைரமின் அவர்களுடைய இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்திவிடும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால் அவர்கள் பசையைத் தவிர்ப்பது நல்லது.

மற்றவர்களுக்கு அளவுதான் முக்கியம். 100 கிராம் பஸ்திர்மாவில் ஏறத்தாழ 5 கிராமோ அதற்கு மேலோ உப்பு இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் பரிந்துரைக்கும் உச்ச அளவே 5 கிராம்தான். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுவதாக அது மதிப்பிட்டது. எப்போதாவது சில துண்டுகள் சாப்பிடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை, அன்றாட உணவாக்கிக்கொள்வதே ஆபத்து.

பாதுகாக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாக: வெட்டாத துண்டைப் பருத்தித் துணியிலோ தாளிலோ சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் அடைத்து வெளியே வைத்தால் வியர்த்து, பசை இளகி, மேற்பரப்பில் ஈரம் சேரும். வெட்டிய முகத்தை மட்டும் இறுக மூடுங்கள். சீவிய துண்டுகளைச் சில நாள்களுக்குள் முடித்துவிடுங்கள். புளித்த நாற்றமோ, வழவழப்போ, பச்சை அல்லது கறுப்புப் பூஞ்சையோ தென்பட்டால் அன்பளிப்பு என்று பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

மறுமொழி 3: பெய்ரூத் வாசகர்

முதல் மறுமொழியில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். நெருப்பே காணாத இறைச்சியைக் கண்டு தயங்குபவர், முதல்முறை முட்டையுடன் சாப்பிடுவதே நல்லது. சுவை பழகிய பின் அப்படியே சாப்பிடுவது எளிதாகும். தயக்கத்தோடு வாயில் வைக்கும் எந்த உணவும் தன் உண்மையான சுவையைக் காட்டாது என்று நம்புகிறேன்.

நான் வசிக்கும் பெய்ரூத்தில், 1915இல் தொடங்கிய ஆர்மேனிய இனப்படுகொலைக்குப் பின் அனடோலியாவிலிருந்து (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) உயிர் தப்பி வந்த ஆர்மேனியர்கள் குடியேறிய புர்ஜ் ஹம்மூத் பகுதியில், இந்த இறைச்சிக்கென்றே பெயர்பெற்ற கடைகள் உண்டு. கைசேரியில் இதைச் செய்தவர்களில் ஆர்மேனியக் கைவினைஞர்களும் இருந்தார்கள். அவர்கள் போன இடமெல்லாம் இந்தச் செய்முறையும் போயிருக்கிறது, எகிப்துவரை. இங்கே காடை முட்டையைப் பொரித்து, மெல்லிய துண்டுகளோடும் ஊறுகாயோடும் தக்காளியோடும் ரொட்டிக்குள் வைத்துச் சுடச்சுடத் தருவார்கள்.

வீட்டில் செய்வதற்கு ஒரு தேக்கரண்டி வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, துண்டுகளைப் பரப்பி, ஓரம் சுருளத் தொடங்கும் அளவுக்கு, அரை நிமிடம் மட்டும் வாட்டி, மேலே முட்டையை உடைத்து ஊற்றுங்கள். உப்புச் சேர்க்கக் கூடாது. தீ அதிகமானால் பசையிலுள்ள பூண்டும் வெந்தயமும் கருகிக் கசந்துவிடும். உங்கள் மனைவிக்குச் செய்வதானால், மஞ்சள் கருவும் கெட்டியாகும் வரை மூடி வைத்து முழுமையாக வேகவிடுங்கள்.

நியூயார்க் பஸ்த்ராமியைச் சாப்பிட்ட அனுபவத்தை வைத்து இதை எடைபோடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். ருமேனிய யூதக் குடியேறிகள் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்த அந்த உணவு, புகையூட்டி, ஆவியில் வேகவைத்து, மென்மையாகப் பரிமாறப்படுவது. உறவு இருந்தாலும் இரண்டும் வேறு வேறு உணவுகள். கைசேரியின் மற்றொரு புகழ்பெற்ற பொருளான சுஜுக் தொத்திறைச்சியையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதைச் சமைத்தே சாப்பிட வேண்டும்.

வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீலாம்பரி அவர்களின் விளக்கத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மகப்பேறு முடியும் வரை தமக்கு வேண்டாம் என்று அவரே முடிவெடுத்துவிட்டார். ஆகவே பஸ்திர்மாவுக்கென்று தனிப் பலகையும் கத்தியும் ஒதுக்கிவிட்டேன்.

அன்பளிப்புக் கொடுத்த நண்பரையும் அவர் மனைவியையும் நேற்று காலை உணவுக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் வெட்டினேன். நான் சீவிய முதல் துண்டைப் பார்த்த நண்பர் கத்தியை வாங்கி, துண்டைத் திருப்பி வைத்து, அதில் பாதி கனத்துக்குச் சீவிக் காட்டினார். அது முதுகுத் தசையில் செய்தது என்றும், தொடை எலும்பை ஒட்டிய தசைகளில் செய்தவை இதைவிடக் கெட்டியாக இருக்கும் என்றும், குஷ்கோமு என்ற உள்தசையில் செய்ததே எல்லாவற்றிலும் மென்மையானது, விலையும் கூடுதலானது என்றும் சொன்னார்.

முதலில் முட்டையுடனும் பிறகு அப்படியேயும் சாப்பிட்டேன். முட்டையுடன் சாப்பிட்டபோது நன்றாக இருந்தது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, பழகிய சுவைதான். சமைக்காத துண்டில்தான் எனக்கு வியப்பு இருந்தது. நாக்கில் பட்டவுடன் உப்பு தெரிந்தது. மெல்ல மெல்ல உப்பு பின்வாங்கி, எலும்பு ரசத்தை வற்றவைத்தால் கிடைக்கும் ஆழ்ந்த இறைச்சிச் சுவை வந்தது. கொழுப்பு இழை மெல்லும் முன்பே கரைந்துவிட்டது. பச்சை இறைச்சியின் இரத்த வாடை துளியும் இல்லை. பசையுடன் சாப்பிட்டதில் பூண்டின் காரம் முதலிலும் வெந்தயக் கசப்பு கடைசியிலும் வந்தன. எனக்கு இறைச்சியை விடப் பசைதான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும், செமென் மட்டும் தனியாகவே கடைகளில் விற்கும், ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம் என்றார் நண்பரின் மனைவி.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. துண்டின் குறுகிய முனைப்பகுதி மிகவும் காய்ந்து கெட்டியாக இருக்கிறது, கத்தி இறங்கவில்லை. அதை என்ன செய்வது?

எர்ஜியெஸ் அடிவாரம்

மகிழ்ச்சி, நண்பரே. முட்டை பற்றிய கருத்தில் பெய்ரூத் நண்பருடன் நான் இன்னமும் உடன்படவில்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன், உங்கள் அனுபவமும் என் பக்கமே இருக்கிறது.

முனையைக் குரு ஃபசூல்யே என்ற வெள்ளை பீன்ஸ் குழம்பில் போடுங்கள். வெள்ளை பீன்ஸை இரவே ஊறவைத்து, மறுநாள் தனியாக முக்கால் பதம் வேகவைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, தக்காளி விழுதும் சிவப்பு மிளகாய் விழுதும் சேர்த்துக் கிளறி, பீன்ஸையும் வெந்நீரையும் ஊற்றிச் சிறு தீயில் விடுங்கள். முனையின் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கனமான கத்தியால் சிறு துண்டுகளாகத் தட்டி நறுக்கி, இந்தக் கட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். மெல்லிய துண்டுகளாக இருந்தால் இறக்குவதற்குச் சற்று முன்புதான் சேர்ப்பார்கள், ஆனால் காய்ந்த முனை இளக நேரம் வேண்டும். உப்பை இறக்கும்போது சுவைத்துப் பார்த்த பிறகே போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. வெண்ணெய் சேர்த்து வடித்த சோறும், ஊறுகாயும், நறுக்கிய பச்சை வெங்காயமும் உடன் இருக்கட்டும்.